முதலில் மல்டிமீட்டர், அப்புறம்தான் சுவிட்ச்

கமடோர் 64 கைக்கு வந்த அன்று எனக்குப் பொறுமையே இல்லை. துடைத்தேன், டிவியில் செருகினேன், சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பாகவே நின்றது. 1982-இல் வெளிவந்த கணினி, பல வருடம் சும்மா கிடந்திருக்கிறது, ஏதோ ஒரு சிப் போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பவர் சப்ளையை அளந்தபோதுதான் வயிறு கலங்கியது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 6.3 வோல்ட்.

அந்தப் பவர் சப்ளைப் பெட்டிக்குள், வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரைச் சுற்றிப் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழி கிடையாது. வெந்து வெந்து ரெகுலேட்டர் கெட்டுப்போனால், கூடுதல் வோல்டேஜ் நேராகப் போர்டுக்குள் இறங்கும். பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது ராம் எனும் நினைவகச் சிப்கள்தான். நான் சுவிட்சைப் போட்ட அந்த அரை நிமிடத்தில்தான் ராம் போனதோ என்று இன்னும் உறுத்துகிறது.

சரி, நல்ல சப்ளை ஒன்றை மாட்டிவிட்டு ஓடாத கணினியில் பழுதைக் கண்டுபிடிக்கும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜைச் செருகினேன். ராம் பழுது என்றால் திரை சிமிட்டும். சிமிட்டல்களை எண்ணினால் எட்டு ராம் சிப்களில் எது என்று தெரிந்துவிடும். இந்த 4164 ரகச் சிப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்களில் ஒன்றை மட்டும்தான் வைத்திருக்கிறது. அதனால் ஒன்று போனாலே எல்லாம் குழம்பிவிடும். கார்ட்ரிட்ஜ் காட்டிய சிப்பை விரலால் தொட்டுப் பார்த்தேன். மற்ற ஏழும் வெதுவெதுப்பாக இருந்தன, இது சுட்டது.

கழற்றும்போதுதான் பலர் போர்டைக் கெடுத்துவிடுகிறார்கள். செத்த சிப்பைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? 16 கால்களையும் வெட்டி உடலை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி இழுத்தால் செம்புத் தடம் பெயராது. அந்த இடத்தில் சாக்கெட் வைத்துப் புதுச் சிப்பைச் செருகினேன். நீலத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன்.

*

உங்கள் கமடோர் கதையைப் படித்தேன், எனக்கு நேர்மாறாக நடந்தது. என்னுடைய பழைய கணினி பிபிசி மைக்ரோ, போட்டவுடன் பீப் ஒலியோடு அழகாக ஓடியது. கால் மணி நேரத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம், அறை முழுக்க நாற்றமடிக்கும் புகை. எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். பவர் சப்ளையைத் திறந்தால், சுவர் மின்சாரம் நுழையும் மெயின்ஸ் பக்கம் இருக்கும் காகித வகை கெப்பாசிட்டர் வெடித்திருந்தது. நாள்பட அதன் உறையில் மயிரிழை விரிசல் விழும், ஈரம் உள்ளே போகும், ஒருநாள் இப்படி ஆகும். போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே அளவில், மெயின்ஸ் பக்கத்துக்கென்றே உள்ள எக்ஸ்2 தரக் கெப்பாசிட்டரைப் போட்டேன், இன்றும் ஓடுகிறது. விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஒன்று கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

*

அண்ணா, இதைப் படித்தது நல்லதாகப் போயிற்று. என்னிடம் இருப்பது ஸ்பெக்ட்ரம் 48கே என்ற பழைய கணினி. திரையில் வெறும் நெடுக்குக் கோடுகள். அதிலுள்ள 4116 ரக ராம் சிப் எட்டையும் மாற்ற ஆர்டர் போட இருந்தேன். உங்கள் அனுபவத்தைப் பார்த்துவிட்டு முதலில் வோல்டேஜை அளந்தேன். அந்தச் சிப்புக்கு 5, 12, மைனஸ் 5 மூன்றும் வேண்டும். மைனஸ் 5 வரவே இல்லை, 12-உம் சரியில்லை. அவற்றைப் போர்டிலேயே உண்டாக்கும் சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் போயிருந்தது. அதைக் கவனிக்காமல் ராமை மாற்றியிருந்தால் புதுச் சிப்களும் போயிருக்கும்.

டிரான்சிஸ்டரை மாற்றியாகிவிட்டது, மூன்று வோல்டேஜும் வருகின்றன. கோடுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் இப்போது இரண்டு சிப் மட்டும் சுடுகிறது. நாளைக்கு அந்த இரண்டின் கால்களை வெட்டப்போகிறேன்.