கைப்பட்டி கட்டினா நடை கூடுமா?

கேள்வி: மட்டக்களப்பில கந்தோரில இருந்து வேலை செய்யிற ஆளுக்கு ஃபிட்னஸ் பேண்ட் (நடக்கிற அடியை எண்ணுற கைப்பட்டி) உண்மையா உதவுமா? நாளுக்கு 10,000 அடி நடக்கிறது கட்டாயமா?

பதில் 1: உதவும். 2022இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடியிருந்தது. எடை குறைஞ்சது ஒரு கிலோ அளவுதான். 10,000 என்பது 1965இல் யப்பானில் விற்ற, அடி எண்ணுற கருவி ஒன்றின் பெயரால வந்த கணக்கு, மருத்துவ அளவு இல்ல. முதல் கிழமை இலக்கு வைக்காமக் கட்டுங்க. வாற சராசரியோட 1,000 கூட்டுங்க. பழகினாப் பிறகு இன்னும் 1,000.

பதில் 2: எண்ணிக்கை பிழைக்கும், கவனம். சைக்கிள் மிதிக்கேக்க கை ஹாண்டிலில அசையாம நிக்கிறதால அடி ஏறாது, பேண்டில சைக்கிள் முறையைப் போடுங்க. கிறவல் ரோட்டில மோட்டார் சைக்கிள் குலுக்கினா நடக்காமலே அடி ஏறும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, வழுக்காம கட்டுங்க. தளர்ந்தா இதயத்துடிப்பும் பிழையாக் காட்டும்.

பதில் 3: தம்பி, அடியை மட்டும் பார்க்காதீங்க. கல்லடிக் கடற்கரை மணலில நடந்தா அதே அடிக்கு உழைப்பு கூட. கிழமைக்கு 150 நிமிஷம் வேகநடை, பேசலாம் ஆனா பாட ஏலாத வேகம். வெயில் தணிஞ்ச பின்னேரத்தில நடங்க.