கால்ல நரம்பு புடைச்சு நிக்குது, பயப்படணுமா?

மல்லிகா_34:
தி.நகர்ல துணிக்கடை, சேலை செக்‌ஷன், 9 வருஷமா நின்னுக்கிட்டேதான் வேலை. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தொடையில சிலந்தி வலை மாதிரி நீலக் கோடு வந்துச்சு, கண்டுக்கல. இப்ப இடது முட்டிக்குப் பின்னாடியிருந்து ஆடுசதை வரைக்கும் புழு நெளியுற மாதிரி புடைச்சிருக்கு, சாயங்காலம் ஆனா கால் கனக்குது, செருப்பு வார் பதிஞ்சிடுது, ராத்திரி குரக்களி இழுக்குது. நரம்பு சுருட்டிக்கிச்சு, எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. நீவலாமா?

ஜிம்_பையன்:
எனக்கும்தான் கை கால் எல்லாம் நரம்பு தெரியுது, கொழுப்பு கம்மியா இருந்தா அப்படித்தான்க்கா, ஃப்ரீயா விடுங்க

ஸ்கேன்_ரூம்:
தம்பி, உங்களுக்கு நேரா ஓடுறது வேற, அவங்களுக்கு சுருண்டு புடைக்கிறது வேற. மல்லிகா, பேருக்குத்தான் நரம்பு, உண்மையில அது ரத்தக்குழாய். கால்லேர்ந்து ரத்தம் மேல ஏறணும், கீழ திரும்பாம இருக்க உள்ள குட்டி குட்டி வால்வு இருக்கு, அது லூஸ் ஆனா ரத்தம் தேங்கி இப்படி வீங்கும், வெரிகோஸ் வெயின்னு சொல்வாங்க. தொடையில இருக்கிற நீலக் கோடு சும்மா பார்க்கத்தான் அசிங்கம், விடுங்க. ஆடுசதைல இருக்கிறதுக்கு ஒரு டாப்ளர் எடுத்துடுங்க, ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்க்கிற ஸ்கேன், நிக்க வச்சே பார்ப்பாங்க, ஊசியெல்லாம் கிடையாது. அழுத்தி நீவவே கூடாது, உள்ள ரத்தக்கட்டி இருந்தா ஆபத்து. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி, கூட மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ 108க்கு போன் போட்டுடுங்க. புடைப்பு வெடிச்சு ரத்தம் வந்தா படுத்து, காலைத் தூக்கி வச்சு, துணியால அழுத்திப் பிடிங்க.

பழைய_கண்டக்டர்:
அம்மா, நான் 15 வருஷம் அசால்ட்டா இருந்து கெட்டவன். மொதல்ல உள்பக்கக் கணுக்காலுக்கு மேல தோல் கருத்துச்சு, அரிச்சுச்சு, பவுடர் போட்டு சொறிஞ்சுக்கிட்டே டபுள் டூட்டி பார்த்தேன், அப்புறம் புண்ணு, ஆற 7 மாசம். கடைசில லேசர் வச்சு அந்தக் குழாயை அடைச்சாங்க, மறுநாளே நடந்தேன், இதை அப்பவே செஞ்சிருக்கலாம். ரத்தம் தேங்காம இருக்க காலை அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான சாக்ஸ் இருக்கு, டாக்டர்கிட்ட அளவு கேட்டு வாங்கும்மா, காலையில கட்டிலை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே மாட்டணும். சுகர் இருக்கா?

மல்லிகா_34:
சுகர் இல்லீங்க ஐயா. எதுக்குக் கேட்டீங்க?

ஸ்கேன்_ரூம்:
சுகர் உள்ளவங்களுக்கு காலுக்கு இறங்குற ரத்தமே கம்மியா இருக்கலாம், செக் பண்ணாம அந்த சாக்ஸ் போடக்கூடாது. ராஜீவ் காந்தி ஜிஎச்ல வாஸ்குலர் சர்ஜரின்னு ரத்தக்குழாய்க்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க காட்டுங்க. ஆமா, கடைல உட்கார சீட் கொடுக்கணும்னு 2021லயே சட்டம் திருத்தினாங்களே, உங்க கடைல இல்லையா?

மல்லிகா_34:
ஸ்டூல் இருக்கு மேடம். அதுமேல சேலை அடுக்கி வச்சிருக்கோம். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியிருக்கேன், போய்ட்டு வந்து எழுதுறேன்.