மீயொலி (காதுக்கு எட்டாத அதிவேக ஒலி) கொடுத்தால் படிகாரம் மாவாகிறது, எங்கே தப்பு?

பாளை வேதியியல்:
500 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 120 கிராம் படிகாரத்தை 55 டிகிரியில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, பனிக்கட்டித் தொட்டியில் ஆறவைக்கிறேன். 45 டிகிரியில் 20 கிலோஹெர்ட்ஸ் புரோபை (கரைசலில் மூழ்கி மீயொலி தரும் உலோகக் கம்பி) ஓடவிட்டால் 30 வரும்வரை நிறுத்துவதில்லை. எனக்கு ஒரே அளவாக 1 மில்லிமீட்டர் படிகம் வேண்டும். கிடைப்பது கோலமாவு. வடிதாளில் சாம்பல் நிறத் துகளும் தங்குகிறது. பவரைக் குறைக்கவா?

தச்சநல்லூர்:
பவரை விடுங்க அண்ணாச்சி, நேரத்தைப் பாருங்க. இந்தக் கரைசல் நிறைவடைவதே, அதாவது இதற்கு மேல் படிகாரம் கரையாது என்ற நிலைக்கு வருவதே, 40 டிகிரி வாக்கில்தான். அதற்கு மேலே மீயொலி வெறும் சூடுதான். 100 வாட் உள்ளே இறங்கினால் அரை லிட்டர் நிமிடத்துக்குச் சுமார் 3 டிகிரி ஏறும், பனிக்கட்டியோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

37, 38 டிகிரிக்கு வந்ததும் 5 முதல் 10 விநாடி மட்டும் கொடுங்க. டார்ச் அடித்துப் பார்த்தால் மினுமினுவென்று பொட்டுகள் மிதக்கும். கண்ட நொடியே நிறுத்தணும். மீயொலி கிளப்பும் நுண்குமிழிகள் உடைவதுதான் கருக்களை, அதாவது படிகம் வளரத் தொடங்கும் பொட்டுகளை, பிறப்பிக்கிறது. தொடர்ந்து ஓடினால் புதுக் கருக்கள் பிறந்துகொண்டே இருக்கும், வளர்ந்ததும் நொறுங்கும். அதே எடையில் படிக அளவு பத்தில் ஒன்றானால் எண்ணிக்கை ஆயிரம் மடங்கு. மாவு வருவது அதனால்தான்.

பிறகு 15 நிமிடம் அதே சூட்டில் மெதுவாகக் கலக்கி, நிமிடத்துக்கு 0.2 டிகிரிக்கு மேல் இறங்காமல் 20 வரை கொண்டுவாங்க. பனிக்கட்டி வேண்டாம், பீக்கர் சுவரிலேயே படிகம் அப்பிக்கொள்ளும். வெளி நீர் கரைசலைவிட 4, 5 டிகிரி குறைவாக இருந்தால் போதும். 20 வரை இறக்கினாலும் ஏறக்குறைய பாதி கரைசலிலேயே நிற்கும். சித்திரை வெயிலில் அறைச் சூட்டோடு விட்டால் பெரும்பங்கு வராது.

கொக்கிரகுளம்:
சாம்பல் துகள் புரோப் முனையின் டைட்டானியம். குமிழிகள் அரித்தெடுத்தது. முனையில் குழி விழுந்திருந்தால் மாற்றுங்க, இல்லாவிட்டால் அந்தத் துகளே கணக்கில் வராத கருவாகிவிடும். முனை 2, 3 சென்டிமீட்டர் மூழ்கணும், கண்ணாடியைத் தொடக்கூடாது.

பாளை வேதியியல்:
புரோப் இல்லாமல், நகை கழுவும் மீயொலித் தொட்டியில் பீக்கரை வைக்கலாமா? பனங்கற்கண்டுக்கும் இது உதவுமா?

தச்சநல்லூர்:
தொட்டியில் ஓரிடத்தில் மீயொலியின் வேகம் அதிகம், ஓரிடத்தில் ஒன்றுமே இருக்காது. அலுமினியத் தாளை நீரில் பிடித்துப் பாருங்க, ஓட்டை விழும் இடத்தில் பீக்கரை வையுங்க. கற்கண்டுக்கு வேண்டாம். பாகு கெட்டி, குமிழி எளிதில் உண்டாகாது. உண்டானாலும் பொடிச் சர்க்கரைதான். நூல் கட்டி வாரக்கணக்கில் ஆட்டாமல் அசைக்காமல் விடுவதே, கரு குறைந்து கல் பெரிதாக வளரத்தான்.