டிரோன் மேசையில் பழைய வீட்டுக் கணினிகள்: கையாண்டவர்கள் பகிர்வது

டிரோன் பறக்கவிடுகிறவர்களில் பலர் ஸ்பெக்ட்ரம், கமோடோர் என்று 1980-களின் வீட்டுக் கணினிகளுக்கு ஏங்குவதற்குச் சின்ன வயசு ஞாபகம் மட்டும் காரணமில்லை. இரண்டு பக்கமும் ஒரே நெருக்கடி: நினைவகம் போதாது. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் பெரிய மாடலில் 48 கேபி ரேம். டிரோனை இயக்கும் பழைய மென்பொருளான மல்டிவீ ஓடிய அட்மெகா328 சிப்பிலோ வெறும் 2 கேபி, நேஸ்32 என்ற டிரோன் கட்டுப்பாட்டுப் பலகையில் 20 கேபி. இன்றைக்கும் எஃப்411 கட்டுப்பாட்டுப் பலகையில் நிரலைச் சேமிக்கும் 512 கேபி ஃப்ளாஷ் நிரம்பிவிடுவதால், பீட்டாஃப்ளைட் என்ற டிரோன் மென்பொருளில் வேண்டிய வசதிகளை மட்டும் பொறுக்கி பில்ட் செய்ய வேண்டியிருக்கிறது.

டிரோன் கேமராப் படத்தின் மேல் வோல்டேஜ், திசை போன்ற விவரங்களை எழுதும் அனலாக் ஓஎஸ்டியை உற்றுப் பார்த்தால் இந்த உறவு இன்னும் நன்றாகத் தெரியும். அதை வரையும் மேக்ஸ்7456 சிப்பில் இருப்பது 256 எழுத்து வடிவங்கள். ஒவ்வொன்றும் 12×18 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2 பிட், அதாவது கறுப்பு, வெள்ளை, ஒளிபுகும் புள்ளி என்று மூன்றே நிலை. கணக்குப் போட்டால் எழுத்துக்கு 54 பைட். பேட்டரிப் படம், கிளம்பிய இடத்தின் திசை காட்டும் அம்பு எல்லாமே மாற்றி வரையப்பட்ட எழுத்துகள்தான். தொடக்கத்தில் வரும் லோகோகூட 24×4 எழுத்துகளை ஒட்டிய சித்திரம். கமோடோர் 64-இல் 40×25 கட்டத்தில் 8×8 எழுத்துகளை மாற்றி வரைந்து விளையாட்டுகளின் பின்னணியை உருவாக்கியதும் இதே வழியில்தான்.

இதில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: வீடியோ முறைகள் இரண்டில் பால் (PAL) முறையில் ஓஎஸ்டிக்கு 16 வரி, என்டிஎஸ்சியில் (NTSC) 13 வரி. பாலுக்கு அடுக்கிய ஓஎஸ்டியை என்டிஎஸ்சி கேமராவோடு ஓட்டினால் கடைசி மூன்று வரி காணாமல் போகும். பேட்டரி வோல்டேஜை அங்கே வைத்திருந்தால், அது இறங்குவது தெரியாமல் லைபோ பேட்டரி போயே போச்சு.

*

மேலே சொன்னதோடு வீடியோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரோனிலிருந்து நேரலையாகப் படம் காட்டும் அனலாக் எஃப்பிவி கேமரா தருவதும் கமோடோர் 64 தருவதும் ஒரே காம்போசிட் (முழுப் படமும் ஒரே கம்பியில் வரும்) சிக்னல்: 75 ஓம், சுமார் 1 வோல்ட். ஆகவே கையில் இருக்கும் சின்ன எஃப்பிவி மானிட்டரே கமோடோரைச் சோதிக்கப் போதும். கமோடோரின் வட்ட ஏவி சாக்கெட்டில் பின் 4 வீடியோ, பின் 3 ஒலி, பின் 2 கிரவுண்ட். எண்கள் வரிசையாகப் போகாது. மேல் வளைவில் 1, 4, 2, 5, 3 என்றுதான் இருக்கும். நடுவில் இருப்பது கிரவுண்ட்.

படம் வராமல் நீலத்திரை வந்தால் கணினி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பால் ஒளிபரப்பு ஒரு ஃபீல்டுக்கு, அதாவது பாதிப் படத்துக்கு, 312.5 வரி அனுப்பும். இந்தக் கணினிகள் இன்டர்லேஸ் இல்லாமல், அதாவது இரண்டு பாதிகளைப் பின்னாமல், 312 வரி அனுப்பும். சில காகிள்ஸும் (கண்ணில் மாட்டும் திரை) டிவிஆரும் (வீடியோ பதிவுக் கருவி) அதை ஏற்காமல் துண்டித்துவிடும். சிக்னல் நலிந்தால் புள்ளி மழை காட்டும் ரக மானிட்டர்தான் இதற்கு ஏற்றது.

விடிஎக்ஸ் என்ற வீடியோ டிரான்ஸ்மிட்டர் வழியாகக் காகிள்ஸில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆன்டெனாவை மாட்டுங்கள், பிறகுதான் கரண்ட். 25 மில்லிவாட்டுக்கு மேல் போக வேண்டாம். பறக்கும்போது கிடைக்கிற காற்று மேசையில் இல்லை; சின்ன ஃபேன் ஒன்றை விடிஎக்ஸ் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

*

உண்மையான ஆபத்து மின்சாரத்தில். டிரோன்காரர்களின் கைப்பழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது.

காகிள்ஸுக்காகச் செய்த எக்ஸ்டி60 (லைபோவின் இணைப்பான்) கேபிளின் முனை பெரும்பாலும் 5.5×2.1 மிமீ, நடு பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரமின் துளையும் அதே அளவு. ஆனால் நடு நெகட்டிவ். அழகாகப் பொருந்தும், பலகை பழுதாகிவிடும். அந்தக் கேபிளில் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வையுங்கள்.

துருவத்தைச் சரிசெய்தாலும் 3எஸ் (மூன்று செல்) லைபோ வேண்டாம். ஸ்பெக்ட்ரமின் உள்ளே இருக்கும் 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் மிச்ச வோல்டேஜை எல்லாம் சூடாக்கித்தான் தள்ளும். 0.7 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட்டில் 2.8 வாட், முழுச் சார்ஜில் உள்ள 3எஸ்ஸின் 12.6 வோல்ட்டில் 5.3 வாட். 2எஸ் என்றால் சூடு குறைவு, ஆனால் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் 7805 தடுமாறி கணினி உறைந்துவிடும்.

கமோடோர் 64-ஐ லைபோவில் நேராக ஓட்டவே முடியாது. அதற்கு 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியும் வேண்டும். அதன் பழைய அடாப்டரை நம்பவும் கூடாது. ரெகுலேட்டரை எப்பாக்ஸிக்குள் புதைத்திருப்பதால் சூடு வெளியேறாது. அது பழுதானால் 5 வோல்ட் ஏறி ரேமையும் பிஎல்ஏ என்ற கட்டுப்பாட்டு சிப்பையும் எரிக்கும். கணினியில் சொருகுமுன் அடாப்டரின் பின் 5-க்கும் பின் 2-க்கும் நடுவே 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் போட்டு அரை மணி நேரம் அளந்து பாருங்கள். 5.25-ஐத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். இப்போது நல்லதாக இருந்தாலும் நாளைக்கு ஏறலாம்; ஓவர்வோல்டேஜ் பாதுகாப்போடு வரும் புதிய அடாப்டர்தான் நிம்மதி.

*

ஸ்பெக்ட்ரமில் திரை முழுக்கப் பட்டை பட்டையாக வந்து நின்றால் ரேமை மாற்றத் துடிக்காதீர்கள். முதலில் ஐசி6 முதல் ஐசி13 வரையுள்ள 4116 ரேம் சிப் ஒன்றில் அளக்கவும்: பின் 1-இல் மைனஸ் 5 வோல்ட், பின் 8-இல் 12, பின் 9-இல் 5, பின் 16 கிரவுண்ட். 12-உம் மைனஸ் 5-உம் இல்லையென்றால் டிஆர்4 டிரான்சிஸ்டர்தான் முதல் சந்தேகம். அதைச் சரிசெய்யாமல் புது ரேம் போட்டால் அதுவும் போகும், ஏனென்றால் மைனஸ் 5 இல்லாமல் 12 வந்தாலே 4116 கெட்டுவிடும். ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸை ஆன் நிலையில் பிடுங்குவதுதான் டிஆர்4-ஐ அதிகம் கொல்வது.

சால்டரிங்கில் ஒரு வேண்டுகோள். எக்ஸ்டி60-க்கு 400 டிகிரி வைத்த அதே சூட்டோடு இந்தப் பலகையைத் தொடாதீர்கள். பேட் (செம்புத் திட்டு) உரிந்து வந்துவிடும். 330 அளவில் வைத்து, ஃப்ளக்ஸும் புது ஈயமும் சேர்த்து இளக்குங்கள். சிப் கெட்டது உறுதியென்றால் கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பது பலகைக்கு நல்லது. அந்த இடத்தில் சாக்கெட் போட்டுவிடுங்கள்.

*

பரணில் அமிகா 500 பிளஸ் கணினி இருந்தால் இன்றைக்கே திறங்கள். உள்ளே நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று இருக்கும். கசிந்தால் காரம், செம்புத் தடங்களைப் பச்சையாக அரிக்கும். பேட்டரியை வெட்டி எடுத்து, வெள்ளை வினிகரில் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி உலர்த்துங்கள். லைபோ வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். இது சத்தமில்லாமல் ஒழுகும்.

பிபிசி மைக்ரோ கணினியானால் பவர் சப்ளையில் மஞ்சளாக, கண்ணாடி போல் தெரியும் ரிஃபா கெபாசிட்டர்களைப் பாருங்கள். மேலே வெடிப்புக் கோடுகள் ஓடியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கும், ஆன் செய்ததும் புகையும். அதே மதிப்பில் எக்ஸ்2 (X2, மெயின்ஸுக்கு உரிய) ரகப் பிளாஸ்டிக் ஃபிலிம் கெபாசிட்டர் போடவும். எக்ஸ்2 என்று அச்சிடாத சாதாரணக் கெபாசிட்டர் மெயின்ஸுக்கு ஆகாது.