மறுமொழி: காயத்தை மூட ஊர்ந்து வரும் கூட்டத்துக்கு ஒரு பெயர்

> ஈப்போவிலிருந்து மாணவி எழுதியது:
> அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு அறிவியல் ஏடு தயாரிக்கிறேன். காயம் ஆறும்போது உயிரணுக்கள் ஒன்றையொன்று விடாமல் ஒரே படலமாக நகர்கின்றன. ஆங்கிலத்தில் கலெக்டிவ் செல் மைக்ரேஷன். நான் ‘கூட்டு உயிரணு இடப்பெயர்வு’ என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, “எந்தத் தோட்டத்து ஜனங்களைக் கிளப்பினார்கள்?” என்று கேட்டார். அந்தப் படலம் சில நேரம் நகராமல் இறுகிவிடுவதை ஜாமிங் என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

> கோவையிலிருந்து ஐயா எழுதியது:
> முதலாவதற்குத் திரள்பெயர்ச்சி. இரண்டாவதற்கு நெரிசல், சாலை நெரிசலை அறியாதவர் யார்? ‘உயிரணு’ வேண்டாம். இங்கே அந்தச் சொல்லைப் பார்த்தால் ஆண்மைக் குறைவு வைத்தியரின் சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். செல் போதும்.

> யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதியது:
> எங்களுக்குச் செல் என்பது கலம், டிஷ்யூ என்பது இழையம். திசு என்பது வெறும் ஒலிபெயர்ப்பு. ஜாமிங் என்பதற்கு உறைவு என்று வைக்கலாமே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

மகளே, உன் அம்மா கேட்ட கேள்வியோடு ‘இடப்பெயர்வு’ முடிந்துபோனது. எங்கள் ஊரில் அது அறிவியல் சொல் அல்ல. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துச் செம்பனை நட்டபோதும் லயத்து வீட்டு வாசலுக்கு வந்த சொல். துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களிடமே பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். இங்கே இருந்துகொண்டு விரல் காயத்துக்கு இடப்பெயர்வு என்று எழுத எனக்குக் கை வராது.

கோவை ஐயாவின் திரள்பெயர்ச்சியில் முன்பாதி பொன். பின்பாதியைப் படித்ததும் என் மனைவி, “சனிப்பெயர்ச்சி முடிந்து இது வேறா?” என்றார். சிரிப்பை ஒதுக்கிவிட்டாலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. பெயர்ச்சி என்பது ஓரிடத்தில் இருந்தது இன்னோரிடத்தில் இருப்பதைச் சொல்லும். எப்படிப் போனது என்று சொல்லாது. இங்கே எப்படி என்பதுதான் விஷயமே.

என் அம்மா பால் வெட்டியவர். மரப்பட்டையை வெட்டிய அதே கத்தி சில விடியற்காலைகளில் அவர் விரலையும் வெட்டியது. இரண்டும் ஆறின, ஆனால் ஒரே விதமாக அல்ல. மரத்தின் உயிரணுவைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது. பக்கத்து உயிரணுவோடு செங்கல்லும் சாந்துமாகக் கட்டப்பட்டது அது. இருந்த இடத்திலேயே பிளந்து பெருகிப் புதுப்பட்டையை உண்டாக்குமே தவிர, வெட்டுவாய்க்கு நடந்து வராது. வெட்டிய பக்கத்தை மறுபடி வெட்ட ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது அதனால்தான். விரலில் நடப்பதோ வேறு. காயத்தின் ஓரத்திலுள்ள உயிரணு தட்டையாகிறது, முன்பக்கம் மெல்லிய மடல் ஒன்றை நீட்டுகிறது, கீழே உள்ள பரப்பைப் பற்றுகிறது, உடலைப் பின்னாலிருந்து இழுத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் இடையில் பக்கத்து உயிரணுவின் பிடியை மட்டும் விடுவதில்லை. இதற்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது: ஊர்தல். நத்தை செய்வது அதைத்தான்.

ஆகவே என் முன்மொழிவு திரளூர்வு. வினையாக்கினால் ‘உயிரணுக்கள் திரண்டு ஊர்கின்றன’. கலைச்சொல்லுக்கு நான் வைக்கிற முதல் சோதனையே அதிலிருந்து வினை பிறக்கிறதா என்பதுதான். ‘கூட்டு உயிரணு இடப்பெயர்வு’ என்பதை வினையாக்கிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

ஊர்கிற உயிரணு இழுக்கிறது என்பதைக் கண்ணால் காட்டியவர் ஆல்பர்ட் ஹாரிஸ். 1980இல் அவரும் உடனாய்வாளர்களும் மிக மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தின்மேல் உயிரணுக்களை ஊரவிட்டார்கள். கால் பட்ட இடமெல்லாம் படலம் சுருக்கம் விழுந்தது. (அது மரத்துப் பாலில் வந்த ரப்பர் அல்லதான். ஆனாலும் ரப்பர் என்று கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்; தோட்டத்தில் பிறந்தவனின் பலவீனம்.)

தனி உயிரணு இழுப்பது சரி. கூட்டமாக ஊரும்போது இழுப்பது யார்? முன்வரிசை இழுக்க, பின்னால் உள்ளவை சரக்குப் பெட்டிபோல வருகின்றன என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். 2009இல் சேவியர் டிரெபாட், ஜெஃப்ரி ஃபிரெட்பெர்க் குழுவினர் நாயின் சிறுநீரக உயிரணுக்களை மென்மையான கூழ்மத்தின்மேல் படலமாக வளர்த்து, கூழ்மம் எங்கெங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்தார்கள். முனையிலிருந்து பல வரிசைகள் உள்ளே இருந்த உயிரணுக்களும் தம் காலடியைத் தாமே இழுத்துக்கொண்டிருந்தன. ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகப் படலத்தின் இழுவிசை கூடிக்கொண்டே போனது. தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் குதிகாலை மண்ணில் ஊன்றுகிறார். ஒவ்வொரு குதிகாலும் கயிற்றின் இழுவிசையில் கொஞ்சம் சேர்க்கிறது. அது உச்சமாக இருப்பது நடுக்கயிற்றில்.

இதனால்தான் முன்வரிசை உயிரணுவுக்கு ‘தலைமை உயிரணு’ என்று பெயர் வைக்க வேண்டாம் என்கிறேன். தனி அஞ்சலில் ஒரு நண்பர் ‘கங்காணி உயிரணு’ என்று குறும்பு செய்திருந்தார். கங்காணி எந்தக் காலத்தில் நிரையில் இறங்கி வெட்டினார்? இது வேலை செய்கிற உயிரணு, ஆனால் வேலை முழுவதையும் செய்வது அல்ல. இருக்கும் இடத்தை மட்டும் சொல்லி ‘முனை உயிரணு’ என்று விட்டுவிடலாம்.

ஒரு சேதி, சொல்லாக்குநர்கள் நமக்கே உரியது. 2011இல் தனஞ்செய் தம்பே, டிரெபாட், ஃபிரெட்பெர்க் உள்ளிட்டோர் ஒரு கட்டுரை எழுதினார்கள். படலத்துக்குள் ஒவ்வொரு உயிரணுவும் இழுவிசை மிகுந்திருக்கும் திசையிலேயே போகப் பார்க்கிறது, பக்கத்திலிருப்பதோடு உராய்ந்து நழுவ வேண்டிய திசையைத் தவிர்க்கிறது என்று கண்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. கிரேக்கத்துக்குப் போய், கூட்டம், திரள் என்று பொருள்படும் ‘பிளித்தோஸ்’ என்பதை எடுத்து, நாட்டத்தைக் குறிக்கும் ‘டாக்சிஸ்’ சேர்த்துப் ‘பிளித்தோடாக்சிஸ்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் கடன் வாங்கப் போன வீட்டில் இருந்தது நம் வீட்டிலும் இருக்கிறது. திரள்நாட்டம் என்று வைத்தால் உயிரணு கூட்டத்தைத் தேடிப் போகிறது என்றாகிவிடும். அது ஏற்கெனவே கூட்டத்தில்தான் இருக்கிறது, கூட்டத்தின் இழுப்புக்கு வசப்பட்டுப் போகிறது. திரள்வயம் எப்படி?

இனி ஜாமிங். உறைவு, நெரிசல் இரண்டோடும் எனக்குச் சண்டை உண்டு.

அக்கா, நாங்கள் உறைவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மரப்பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றினால், துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் போய், அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியானது மறுபடி பாலாவதில்லை. படலத்து உயிரணுக்களோ முதலிலிருந்தே ஒட்டித்தான் இருக்கின்றன. இறுகியவை பிறகு இளகி ஊரவும் செய்கின்றன. உறைவு பொருந்தாது.

நெரிசல் இன்னும் நுட்பமான ஏமாற்று. சாலையில் வண்டிகள் பெருகினால் நெரிசல், குறைந்தால் கலைந்துவிடும். அதாவது அடர்த்திதான் காரணம். ஆனால் முழுமையாக நிரம்பிய படலத்தில் இடைவெளியே கிடையாது. அடர்த்தி கூடுவது குறைவது என்ற பேச்சுக்கு இடமில்லாமலே அது இறுகவும் இளகவும் முடியும். 2015இல் தப்பெங் பி, லிசா மேனிங் உள்ளிட்டோர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது வடிவத்தை: உயிரணுவின் சுற்றளவை அதன் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண். ஒழுங்கான அறுகோணத்துக்கு 3.72, ஐங்கோணத்துக்கு 3.81. இந்த 3.81க்குக் கீழே படலம் திடப்பொருள்போல நிற்கும். மேலே போனால் திரவம்போல ஓடும். முட்ட அடைத்த மூட்டைகளை அடுக்கிவிட்டு ஒன்றை நடுவிலிருந்து நகர்த்திப் பாருங்கள், அசையாது. சாக்குத் துணி கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் அவை நெளிந்து இடம் மாற்றிக்கொள்ளும். மூட்டைகளின் எண்ணிக்கை இரண்டு முறையும் ஒன்றே.

எனவே இறுகல், அதன் எதிர்ச்சொல் இளகல். வெல்லப்பாகு அறிந்த எவருக்கும் இந்த இணையை விளக்க வேண்டாம். ஆங்கிலத்தில் எதிர்ச்சொல்லுக்கு ‘அன்’ என்று முன்னொட்டுப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். நமக்கு அந்த வறுமை இல்லை.

அதே 2015இல் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழல் உயிரணுக்களை வளர்த்துப் பார்த்தவர்கள், அவை இறுகி அடங்க மற்றவர்களுடையதைவிட அதிகக் காலம் எடுத்ததைக் கண்டார்கள். மூச்சிழுப்பு என்று நம் பாட்டிமார் சொன்ன நோய்க்கும் உயிரணுக்களின் இழுப்புக்கும் இப்படி ஒரு தொடர்பு. கருவிலும் இது உண்டு. வரிக்குதிரை மீனின் கருவில் வால்முனைத் திசு இளகியும், உடலை நோக்கி வர வர இறுகியும் இருப்பதை 2018இல் எண்ணெய்த் துளிகளை உள்ளே வைத்து அளந்து சொன்னார்கள். முனை இளகியிருப்பதால் நீள்கிறது, பின்னால் இறுகுவதால் வடிவம் நிற்கிறது.

திசுவா இழையமா? இங்கே உணவுக்கடையில் திசு கேட்டால் கை துடைக்கத் தாள் வரும். இழையத்துக்கு என் வாக்கு, பழக்க தோஷத்தில் மேலே நானே திசு என்று எழுதிவிட்டாலும். உயிரணுவை மட்டும் விடமாட்டேன். சுவரொட்டிகளுக்காகச் சொல்லைக் கைவிட ஆரம்பித்தால் ‘வீரியம்’ முதல் பல சொற்கள் போய்விடும்.

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற வாத்தியார்

> கோவையிலிருந்து:
> இறுகல், இளகல் ஏற்றுக்கொண்டேன். நெரிசலை அடியோடு தள்ள வேண்டாம். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும்போது உயிரணுக்கள் பெருகப் பெருக ஊர்வு மந்தமாகி, உருகிய கண்ணாடி ஆறும்போதுபோல் படலம் இறுகுகிறது என்று 2011இல் ஏஞ்சலினி உள்ளிட்டோர் காட்டியிருக்கிறார்களே? அங்கே அடர்த்திக்குப் பங்கு உண்டு. ‘திரளூர்வு’ எனக்கு ஏதோ ஒரு கிராமத்தின் பெயர்போல ஒலிக்கிறது.

> யாழ்ப்பாணத்திலிருந்து:
> உறைவைத் திரும்பப் பெறுகிறேன். அமிலம் ஊற்றித் தோற்கடித்துவிட்டீர்கள். திரள்வயம் அழகு. ஆனால் வாத்தியார் சொன்ன சோதனையில் அதுவே தேறவில்லை: அதற்கு வினை எங்கே?

> சுங்கை சிப்புட்டிலிருந்து:
> அக்கா பிடித்துவிட்டார். ‘திரள்வயப்பட்டு ஊர்கிறது’ என்று இரண்டு சொல்லாக எழுத வேண்டியதுதான். ஒற்றை வினை கிடைக்கும்வரை அதை முன்மொழிவாக மட்டும் வையுங்கள். கோவை ஐயா, சரி: இறுகல் என்பது நிலை, நெரிசல் அதற்குள்ள காரணங்களில் ஒன்று. ‘நெரிசலால் இறுகியது’ என்று எழுதலாம். ‘வடிவத்தால் இறுகியது’ என்றும் எழுதலாம். இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. கிராமப் பெயர் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

> ஈப்போவிலிருந்து:
> நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: “விரலில் வெட்டுப் பட்டதும் ஓரத்திலுள்ள தோல் உயிரணுக்கள் இளகி, ஒன்றையொன்று விடாமல் திரண்டு ஊர்ந்து காயத்தை மூடுகின்றன. இதற்குத் திரளூர்வு என்று பெயர்.” அம்மா படித்தார். யாரையும் கிளப்பவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தம்பி அதைத் ‘திரளூர் – உ’ என்று படித்தான். முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘திரள் ஊர்வு’ என்று பிரித்து அச்சிடலாமா?

> சுங்கை சிப்புட்டிலிருந்து:
> பிரித்தே அச்சிடு. படத்தில் முனை உயிரணுவுக்கு மட்டும் மடலை வரையாதே. இரண்டாவது, மூன்றாவது வரிசைக்கும் கால் போடு.