10,000 மி.மீ. இல்லாவிட்டால் மலைக்கே போகக் கூடாதாம்!

ஈரச்சாக்கு:
நேற்று ‘முதல்மலை’ என்ற புது நண்பர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆகஸ்டில் உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறாராம். கையில் 4,000 ரூபாய் இருக்கிறது, எந்த மழை ஜாக்கெட் வாங்கலாம் என்றார். அதற்குச் சிகரன் அவர்கள் அருளிய பதில் இது:

“10,000 மி.மீ. தாங்காத ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இமயமலைக்குப் போவதற்கு வீட்டிலேயே இருக்கலாம். பணம் இல்லையென்றால் சேர்த்துவைத்து அடுத்த வருடம் போங்கள்.”

(இந்த மி.மீ. என்பது ஜாக்கெட் துணி ஒழுகாமல் தாங்கும் நீரின் உயரம்.) படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழையில்தான் ஊரே போகிறது. வண்டிப்பாதை முடியும் புல்னாவிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவாரக் கிராமமான காங்கரியா வரை நன்றாகப் போட்ட பாதை, கோவேறு கழுதைகள் நாள் முழுக்கப் போய்வருகின்றன. பக்கத்தில் ஹேம்குண்ட் குருத்வாராவுக்குப் போகும் வயதான பெண்கள் வழியில் வாங்கிய பிளாஸ்டிக் பான்சோவோடு, அதாவது தலைவழியாக மாட்டும் மழைப்போர்வையோடு, ஏறுகிறார்கள். அவர்களையும் அடுத்த வருடம் வரச் சொல்வாரா?

முதல்மலை, 5,000 மி.மீ. போட்டிருந்தாலும் வாங்குங்கள். தையல் முழுவதும் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். சில ஜாக்கெட்டில் தோளிலும் தொப்பியிலும் மட்டும் டேப் இருக்கும், அது வேண்டாம். அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே ஃபிளீஸ் போட்டுப் பார்த்து அளவு எடுங்கள்.

சிகரன்:
என் பெயரில் தனித் திரியே திறந்துவிட்டார்கள், மகிழ்ச்சி.

நான் மணாலியில் அடிப்படை மலையேற்றப் பயிற்சி முடித்தவன். 5,000 மி.மீ. என்பது சென்னையில் ஸ்கூட்டர் ஓட்ட. மலையில் பேக் பட்டை தோளை அழுத்தும், பாறையில் முழங்கை ஊன்ற வேண்டும், ஈரத்தரையில் முட்டி போட வேண்டும். அழுத்தம் வந்தால் தண்ணீர் உள்ளே போகும். அதனால்தான் 10,000. இது என் சொந்தக் கருத்து இல்லை, உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எண்.

முதல்மலை:
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி அண்ணா. ஃபிளீஸ் என்றால் ஸ்வெட்டர் மாதிரியா? அதுவும் இந்த 4,000-க்குள் வருமா?

ஈரச்சாக்கு:
> முட்டி போட வேண்டும்

முட்டி போட்டால் நனைவது பேண்ட். நாம் பேசுவது ஜாக்கெட். மணாலியில் இதைச் சொல்லித் தரவில்லையா?

சரி, கணக்குக்கே வருவோம். 10,000 மி.மீ. என்றால் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்பது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். இப்போது பேக் 12 கிலோ என்று வையுங்கள். பட்டை 6 செ.மீ. அகலம், தோளில் படிவது 25 செ.மீ. நீளம், இரண்டு பட்டைக்கும் சேர்த்து 300 சதுர செ.மீ. 12 கிலோவை 300-ஆல் வகுத்தால் 0.04 கிலோ. அதாவது 400 மி.மீ. மொத்தப் பளுவும் அதில் பத்தில் ஒரு பங்கு இடத்திலேயே குவிந்தாலும் 4,000. உங்கள் 10,000 எங்கே இருக்கிறது? இடுப்புப் பெல்ட் தாங்கும் பளுவை நான் கழிக்கக்கூட இல்லை.

தோளில் நனைகிறதே என்பார்கள். நனையும். பட்டை உரசி உரசி, நீரை ஒட்டவிடாத வெளிப்பூச்சு தேய்கிறது, துணி நீரைக் குடிக்கிறது, உள்ளேயிருக்கும் வியர்வை வெளியேற வழியில்லாமல் நீராகிறது. பாதிப் பேர் “ஒழுகுகிறது” என்று சொல்வது அவரவர் வியர்வையைத்தான்.

சோலையாறு:
நான் வால்பாறைக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் சின்னக்கல்லாறு மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே ஜூன், ஜூலையில் தேயிலை பறிப்பவர்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார்கள். எந்த மி.மீ.யும் அதில் அச்சடித்திருக்காது. ஒரு நல்ல குடை, ஒரு பான்சோ, ரப்பர் செருப்பு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும். இதற்குப்போய் ஏன் சண்டை?

சிகரன்:
> குடை

குடையோடு மலையேறியவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடகத்துக் குதிரைமுக முகட்டில் ஜூலைக் காற்றில் குடையை விரித்துக் காட்டுங்கள், பார்க்கிறேன்.

ஈரச்சாக்கு, உங்கள் கணக்கில் காற்றே இல்லை. நானும் பொறியாளன்தான். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) வகுங்கள், 4 மீட்டர் நீருயரம். காற்றே இல்லாத மழைக்கே 4,000 மி.மீ. மணிக்கு 60 கி.மீ. காற்றையும் சேர்த்தால் துளி 19 மீட்டர் வேகத்தில் மோதும். அது 18,000 மி.மீ.! இப்போது சொல்லுங்கள், 5,000 போதுமா?

ஈரச்சாக்கு:
அருமை. அப்படியென்றால் நீங்கள் பரிந்துரைத்த 10,000-உம் ஒழுகித்தானே ஆக வேண்டும்? முதல்மலையிடம் ஏன் 18,000 கேட்கவில்லை? தள்ளுபடி கொடுத்தீர்களா?

துளி மோதுவது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை, சிதறிவிடுகிறது. ஆய்வகச் சோதனையில் நீர் துணியின் மேல் நின்று விடாமல் அழுத்துகிறது. அழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், மூன்று இடத்தில் துளி தெரியும்போது அளவைக் குறிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 811 என்று இதற்குத் தரநிலையே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் கணக்குப் போடுவது வாட்ஸ்ஆப் பொறியியல்.

சிகரன்:
என் ஜாக்கெட் 28,000 மி.மீ. எனக்கு ஒழுகாது. பிறருக்குக் குறைந்தது 10,000 என்றேன், அவ்வளவுதான். குறைந்தது என்ற சொல்லைப் படிக்கவில்லையா?

கரடிக்கல்:
அந்த 28,000 ஜாக்கெட்டோடுதானே போன வருடம் எங்களோடு வந்தீர்கள்? கூடாரத்துக்குள் உட்கார்ந்து முதுகு நனைந்துவிட்டது என்று என் ஃபிளீஸை வாங்கிப் போட்டுக்கொண்டது யார்? இன்னும் திரும்பி வரவில்லை. கேஸ் அடுப்பும் வரவில்லை.

சிகரன்:
கரடிக்கல், அது வியர்வை. அடுப்பைப் பற்றித் தனிச்செய்தியில் பேசலாம்.

ஈரச்சாக்கு:
“அது வியர்வை.” இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம். மூன்று பதிவாக நான் சொல்வது அதுதானே ஐயா.

மேற்குத்தொடர்ச்சி மலையின் பருவமழையில் வெளியேயும் ஈரப்பதம் நூற்றை ஒட்டி, உள்ளேயும் நூற்றை ஒட்டி. நீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுவதற்காகத் துணியோடு ஒட்டியிருக்கும் ஜவ்வு வழியாக ஆவி வெளியே போக வேண்டுமானால் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை விலை கொடுத்தாலும் ஜவ்வுக்கு வேலை குறைவு. அக்குள் ஜிப்பைத் திறந்துவிட்டால் காற்று போய்வரும், அதுதான் அங்கே உதவும். குளிரும் காற்றும் இருக்கும் உயரத்தில் ஜவ்வு நன்றாகவே வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வது மூச்சுவிடும் திறன் என்ற வேறு எண். உங்கள் 10,000 அதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. கல்யாணத்துக்கு ஜாதகத்தில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது போலிருக்கிறது.

பச்சைக்கிளி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். யாருமே வேதிப்பொருளைப் பற்றிப் பேசவில்லையே? பழைய நீர்விலக்குப் பூச்சுகளில் ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கின்றன, மண்ணிலும் நீரிலும் அழியவே அழியாது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் பெரும்பாலான உடைகளில் தடை. மழை ஜாக்கெட்டுக்கு ஜவ்வு செய்யும் கோர்டெக்ஸ்காரர்களே 2022-லிருந்து ஃபுளோரின் இல்லாத ஜவ்வுக்கு மாறிவருகிறார்கள்.

சிகரன்:
மாறட்டும். 10,000 இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

சோலையாறு:
பச்சைக்கிளி சொல்வதைக் கேட்டால் குடைதான் நல்லது போலிருக்கிறது.

சிகரன்:
மறுபடியும் குடையா!

கரடிக்கல்:
ஈரச்சாக்கு சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எந்த எண்ணாக இருந்தாலும் அது புதுத் துணிக்கு. என்னிடம் ஒன்று இருந்தது, நிறுவனத்தின் பெயர் வேண்டாம், 10,000-க்கும் மேல்தான். சென்னை வீட்டில் அலமாரியில் மடித்து வைத்திருந்தேன். சில வருடம் கழித்து எடுத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சை வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்து இப்படித்தான் அரித்துவிடும். நம் ஊரில் நான்கைந்து வருடம் உழைத்தாலே பெரிது. இதற்கு எதற்கு 15,000 ரூபாய்? மலிவாக வாங்கு, போடு, மாற்று.

ஈரச்சாக்கு:
மடித்து வைத்தது உங்கள் தவறு. ஹேங்கரில் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும். போட்டு வந்ததும் துவைக்க வேண்டும், சோப்பு எச்சம் இல்லாமல் அலச வேண்டும், துணியை மென்மையாக்கும் கம்ஃபர்ட் வகையறா படவே கூடாது. உள்ளே இருக்கும் சீட்டு அனுமதித்தால் மிதமான சூட்டில் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போடலாம். வெளிப்பூச்சு மறுபடி உயிர்பெற்று நீர் முத்து முத்தாக உருளும். அப்படி உருளாமல் துணி நீரைக் குடித்து ஒட்டிக்கொண்டால், ஜவ்வு நன்றாக இருந்தாலும் குளிரும், வியர்க்கும். இதையெல்லாம் செய்யாமல் பூச்சைக் குறை சொல்லக் கூடாது.

கரடிக்கல்:
நான் உங்கள் பக்கம் பேசினேன், அதற்கும் பாடமா? தொங்கவிட உங்கள் வீட்டில் இடம் இருக்கலாம்.

நெறியாளர்:
தலைப்போடு நில்லுங்கள். குடைக்குத் தனித் திரி இருக்கிறது. அடுப்பு, ஃபிளீஸ் எல்லாம் தனிச்செய்தியில்.

முதல்மலை:
அண்ணா, நேற்று கடைக்குப் போனேன். ஒன்றில் 5,000, முழு டேப், அக்குள் ஜிப் இல்லை. இன்னொன்றில் 10,000, ஆனால் டேப் தோளில் மட்டும். இரண்டும் பட்ஜெட்டுக்குள். எதை எடுக்கட்டும்?

சிகரன்:
இதில் கேள்வியே இல்லை. 10,000.

ஈரச்சாக்கு:
பார்த்தீர்களா! தையலில் ஊசி போட்ட ஓட்டை வரிசையாக இருக்கிறது, டேப் இல்லை, அதன் வழியாக நீர் இறங்குகிறது. நடுவில் துணி 10,000 தாங்கினால் என்ன, 1,00,000 தாங்கினால் என்ன? இப்படி ஆலோசனை சொல்லித்தான் ஆட்களை நனைய விடுகிறீர்கள். முதல்மலை, முதலாவது. மிச்சப் பணத்தில் ஃபிளீஸ், நீங்கள் கேட்டது போல ஸ்வெட்டர் மாதிரிதான். பேக்குக்குள் பெரிய குப்பைப் பையை விரித்து அதற்குள் துணி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வையுங்கள். ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப்பக்கம் வழிந்து உள்ளே போகும். பருத்தி டி-ஷர்ட் வேண்டாம், நனைந்தால் காயாது. 3,000 மீட்டருக்கு மேல் ஈர உடையும் காற்றும் சேர்ந்தால் பனி விழாமலேயே உடம்பு விறைக்கும். உள்ளே காய்ந்த ஒரு செட் இருப்பதுதான் முக்கியம்.

சிகரன்:
டேப் இல்லாத தையலைப் பசை போட்டு அடைத்துக்கொள்ளலாம், டியூபில் கிடைக்கிறது. 5,000 துணியை 10,000 ஆக்க முடியுமா? முடியாது. மலையில் உயிர் போனால் ஈரச்சாக்கு வருவாரா?

சோலையாறு:
அந்தக் காலத்தில் எவரெஸ்டுக்கே துணிக்கோட்டில் போனார்கள். 1924-இல் மலையேறி மல்லோரி கபார்டின் என்ற நெருக்கமாக நெய்த துணியில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். எந்த மி.மீ. பார்த்தார்?

சிகரன்:
மல்லோரி திரும்பி வரவில்லை. உடலே 1999-இல்தான் கிடைத்தது. நல்ல உதாரணம்.

சோலையாறு:
அவர் மழையில் நனைந்து சாகவில்லையே தம்பி.

ஈரச்சாக்கு:
எவரெஸ்டில் மழை எங்கே பெய்கிறது? இரண்டு பேரும் நிறுத்துங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். சிகரன் வீடு அடுக்ககத்தில் நான்காவது மாடி என்று ஞாபகம். அங்கிருந்து தோட்டக் குழாய் ஒன்றைக் கீழே இறக்கி, செங்குத்தாக 10 மீட்டர் வரும்படி கட்டி, கீழ் முனையில் ஜாக்கெட் துணியைக் கிளிப் போட்டு இறுக்கி, குழாயில் நீரை நிரப்புவோம். 10,000 மி.மீ. தயார். என் பழைய 5,000 ஜாக்கெட்டை நான் கொண்டுவருகிறேன், நீங்கள் உங்கள் 28,000-ஐக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் தோள்பகுதி, நன்றாகத் தேய்ந்த இடம்.

சிகரன்:
என் ஜாக்கெட்டில் கிளிப் போட்டால் துணி கெடும். யார் பொறுப்பு?

கரடிக்கல்:
ஃபிளீஸைத் திருப்பித் தருவதாக இருந்தால் நான் வந்து குழாயைப் பிடிக்கிறேன்.

ஈரச்சாக்கு:
28,000 தாங்குமென்று அடித்துச் சொல்பவர் 10,000 நீருக்கு ஏன் பயப்படுகிறார் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

சிகரன்:
பயம் நீருக்கில்லை, உங்கள் கிளிப்புக்கு. உங்கள் சோதனை ஐ.எஸ்.ஓ. 811-உம் இல்லை. நீங்கள்தானே தரநிலை பேசினீர்கள்? அந்தத் தரநிலைப்படி சான்று வாங்கி வாருங்கள், பேசலாம். அதுவரை 10,000.

சோலையாறு:
குழாய்ச் சோதனைக்கு வருபவர்கள் குடை கொண்டுவாருங்கள், கீழே நிற்பவர் நனைவார்.

நெறியாளர்:
குடை பற்றி இது கடைசி எச்சரிக்கை.

ஈரச்சாக்கு:
ஞாயிறு காலை எனக்குச் சரி. யார் வீட்டில் 10 மீட்டர் குழாய் இருக்கிறது?