கதைக்குள் இழுத்து ஓட்டுக் கேட்டவர்கள்: சுங்கை சிப்புட் அனுபவங்கள்

ரயில்வே கேட்:

அரசியல் பேச்சில் உங்களை மடக்க யாராவது கதைப் பாத்திரத்தைத் துணைக்குக் கூட்டி வந்திருக்கிறார்களா? ராமாயணமோ, சினிமாவோ, டிவி நாடகமோ, கேமோ, எதுவானாலும் சரி. மனம் மாறியதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். கட்சிப் பெயர் மட்டும் வேண்டாம், சண்டை வரும். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 நவம்பர். 19ஆம் தேதி மலேசியப் பொதுத்தேர்தல். சரியான மழைக்காலம். எங்கள் ஒட்டுக்கடையின் தகரக் கூரையில் மழை இறங்கினால் பக்கத்து மேசை பேசுவதே காதில் விழாது. அதனால் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அன்றைக்குப் பேச்சு தவளைகளைப் பற்றி. கட்சி தாவுகிறவர்களை இங்கே மூன்று இனத்தவரும் அப்படித்தான் சொல்வோம். 2020 பிப்ரவரியில் இந்தத் தாவலில் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி மக்களவையில் நிறைவேறி, அக்டோபர் 5ஆம் தேதி அமலுக்கு வந்தது. கட்சியை விட்டு விலகினால் எம்.பி. பதவி காலி.

எங்கள் கடையில் பழைய லோரி டிரைவர் ஒருவர் உண்டு. செம்பனைக் குலை ஏற்றியே ஓய்ந்தவர். "முதல் தவளை விபீஷணன்தான்" என்று ஆரம்பித்தார். ரொட்டி போடுபவர் மாவை வீசுவதை நிறுத்தவில்லை. "அண்ணன் தப்புப் பண்ணினா தம்பி கேக்கக் கூடாதா மாமா?" என்றார். "கேக்கட்டும். கும்பகர்ணனும்தான் கேட்டான். கேட்டுட்டு, அண்ணனுக்காகப் போய்ச் செத்தான். செஞ்சோற்றுக் கடன்னு ஒண்ணு இருக்கு தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து ஒரு பையன் துண்டுப் பிரசுரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நனைந்தபடி உள்ளே வந்தான். ஒரு வேட்பாளருக்காக வந்தவன். மாமா விடுவாரா? நாற்காலியை இழுத்துப் போட்டார். "உன் பேப்பரை அப்புறம் படிக்கிறேன். விபீஷணன் தவளையா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

பையன் சட்டம் படித்தவன் போலிருக்கிறது. தே தாரிக் வரும்வரை யோசித்துவிட்டுச் சொன்னான்: "அங்கிள், புதுச் சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு. தானா விலகினாத்தான் சீட் போகும். கட்சியே நீக்கினா போகாது. கம்பர்கிட்ட பாருங்க, ராவணன்தான் 'என் கண்ணு முன்னால நிக்காதே, போ'ன்னு விரட்டுறான். அது நீக்கம். விபீஷணன் சீட் பத்திரம்."

கடையே சிரித்தது. நான் எங்கள் ஊரில் கேட்ட பிரசாரத்திலேயே கெட்டிக்காரத்தனமான பேச்சு அதுதான். மாமா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா தாவ நினைக்கிறவன் தலைவனை நாலு வார்த்தை திட்டி, அவனையே நீக்க வச்சிட்டாப் போதுமே?" என்று கேட்டார்.

பையனிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களிடமும் இல்லை. என் ஓட்டு ஏற்கெனவே முடிவானது, மாறவில்லை. ஆனால் அன்றிரவு உட்கார்ந்து அந்தச் சட்டத்தை முழுதாகப் படித்தேன். அதற்கு முன் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை.

ஓய்வு வாத்தியார்:

உங்கள் மாமாவுக்கு விதுரனையும் சொல்லுங்கள். இருந்தது அஸ்தினாபுரத்தில், பேசியது பாண்டவர்களுக்காக. நம் நாட்டிலும் அது நடந்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஆறு எம்.பி.க்கள் கட்சியை விட்டு விலகாமலே பிரதமரை ஆதரிப்பதாக அறிவித்தார்கள். அவர்கள் இடம் காலியாகவில்லை என்று சபாநாயகர் 2024 ஜூலையில் முடிவு சொன்னார். சட்டம் கட்சி அட்டையைத்தான் பார்க்கிறது, வாய் எந்தப் பக்கம் பேசுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

மற்றபடி, கதையால் மனம் மாறிய அனுபவம் எனக்கு இல்லை. இந்தத் தொகுதியில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். 1974 முதல் 34 வருடம் ஒருவரே எம்.பி. 'ராஜா' என்பார்கள், அவரைச் சுற்றி ஆளுக்கொரு கதை. 2008 மார்ச் 8ஆம் தேதி அவரைத் தோற்கடித்தவர் ஒரு மருத்துவர். 1999, 2004 இரண்டு தடவையும் தோற்றுப்போய், மூன்றாவது தடவை 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். உடனே அவரை, பைபிளில் ராட்சசனை வீழ்த்திய தாவீது ஆக்கிவிட்டார்கள், கவண் கல்லோடு. அந்தக் கதை ஜெயித்த பிறகு வந்தது. ஓட்டுப் போட்ட என் பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு முன்னால் பேசியதெல்லாம் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நோட்டீசைப் பற்றித்தான். அந்த நோட்டீசை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், மடிப்பு கிழிந்து இரண்டு துண்டாகும் வரைக்கும்.

பெரட்டுக்களம்:

நான் தோட்டத்தில் பிறந்தவள், 1956. இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதி) இருக்கிறேன், மகன் வீடு. பேத்தி டைப் பண்ணித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. நீளமாகப் போனால் அவளைத் திட்டுங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு அரசாங்கப் பட வண்டி வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முதலில் அரசாங்கப் படம், அது முடிந்தால்தான் வேடிக்கைப் படம். இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் உட்கார்வோம். எழுத்தெல்லாம் தலைகீழாக, அதாவது இடம் வலமாகத் தெரியும். படத்தில் எல்லோரும் இடது கையால் சலாம் வைப்பார்கள், இடது கையால் சாப்பிடுவார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு ஈசல் மொய்த்து, துரை முகத்தின் மேலேயே ஊரும்.

இந்த வண்டி, கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் ஆரம்பித்தது என்று அம்மா சொல்வார். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில்தானே மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டார்கள், அதிலிருந்துதான் எல்லாம். லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டிலிருந்து சரணடைந்து வந்தவர் என்று ஒருவரை வண்டி மேல் ஏற்றிப் பேச வைத்தார்களாம். என்ன பேசினார் என்று கேட்டால் அம்மாவுக்கு ஞாபகமில்லை. "புதுச் சப்பாத்து போட்டிருந்தான்டி" என்பார். வெறுங்காலோடு பால்வெட்டுக்குப் போனவருக்கு அதுதான் மனதில் நின்றது. பேச்சு எழுதிக் கொடுத்தவருக்கு இது தெரிந்திருக்காது. சப்பாத்து வாங்கிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கலாம்!

என்னை மாற்றிய அரசாங்கப் படம் கொசுப் படம். கொசுவை அந்தத் துணி முழுக்கக் காட்டினார்கள். மறுநாள் நாங்களே போய்த் தேங்காய்ச் சிரட்டையிலுள்ள தண்ணீரையெல்லாம் கவிழ்த்தோம்.

ஆனால் உண்மையான அரசியல் வந்தது எம்.ஜி.ஆர். மூலம். பட்டணத்துத் தியேட்டரில் படம் மாறினால் சம்பள நாளுக்குக் காத்திருந்து போவோம். கறுப்புச் சட்டை, சிவப்புத் துண்டு என்று எங்காவது கட்சி நிறம் வந்துவிட்டால் விசில் பறக்கும். 1967 ஜனவரியில் அவரைச் சுட்டபோது எங்கள் மாரியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. கழுத்தில் கட்டுப் போட்ட படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அப்பா கதவில் ஒட்டினார். 1972இல் அவர் தனிக்கட்சி தொடங்கியதும் எங்கள் லயமே இரண்டானது. அப்பாவும் சித்தப்பாவும் தீபாவளிக்குக்கூட முகம் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கு எங்கேயும் ஓட்டு இல்லை. சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, எதிர் வீட்டில் நாலு பிள்ளைகளோடு இருந்தவர்கள் பினாங்கு போய் ரஜுலா கப்பல் ஏறிவிட்டார்கள். அப்பாவுக்கு எப்படியோ பெர்மிட் கிடைத்தது. ஓட்டுக் கிடைக்கவில்லை. மெட்ராஸ் அரசியலுக்காக உயிரைக் கொடுத்துப் பேசியவர், இங்கே யார் எம்.பி. என்று கேட்டால் கையை உதறுவார்.

அம்மா இங்கேயே பிறந்தவர். நீல ஐசி, ஓட்டு இருந்தது. அவரிடம் யாரும் அரசியல் பேசவில்லை. கங்காணி வந்து சின்னத்தைக் காட்டுவார், அதோடு சரி. கட்சிப் பெயர் வேண்டாமென்றீர்கள், சின்னம் சொல்லலாம்தானே? 1969இல் பாய்மரக் கப்பல். 1974இல் அதே ஆட்கள் தராசைக் கொண்டு வந்து காட்டினார்கள். அம்மா கேட்ட ஒரே அரசியல் கேள்வி அன்றைக்குத்தான்: "கப்பல் எங்கே போச்சு?" கங்காணி, "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்றார். அம்மா தராசுக்குப் போட்டாரா என்று கடைசிவரை சொல்லவேயில்லை.

கடைசி பெஞ்சு:

பாட்டி, நீளமெல்லாம் இல்லை. இன்னும் எழுதுங்கள்.

நான் 18 வயது ஓட்டு வந்த பிறகு முதல்முறை போட்டவன். 2021 டிசம்பர் 15ஆம் தேதியிலிருந்து பதிவும் தானாகவே ஆகிவிட்டது, நாமாகப் போய்ப் பாரம் நிரப்ப வேண்டியதில்லை. என்னை மடக்கப் பார்த்தவன் என் கஸின். போனில் ஒவ்வொரு வீடியோவாகக் காட்டுவான். ஹீரோ மெதுவாக நடந்து வருவார், பின்னால் நெருப்பு, மியூசிக், தலை மட்டும் ஒரு தலைவருடையது. இரண்டு வாரம் பார்த்ததில் எனக்கு மியூசிக் மனப்பாடம் ஆனது, அவருடைய கொள்கை ஒன்றுகூடத் தெரியவில்லை. கஸினைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை.

கேமில் நடந்தது வேறு. நாங்கள் ஒன்றாக விளையாடும் டீமில், சேர்த்த சாமானைப் பிரித்துக் கொடுக்க ஒரு தலைவன் வேண்டும். தைப்பிங்கிலிருந்து ஒருவன் எல்லோருக்கும் முதலிலேயே ஆளுக்கொரு நல்ல வாளாகக் கொடுத்துத் தலைவனானான். அப்புறம் வந்ததையெல்லாம் அவனே வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு ஹாம்பர் (பரிசுக்கூடை) வந்தபோது அம்மா சந்தோஷப்பட்டார், எனக்குத் தைப்பிங்காரன் ஞாபகம்தான் வந்தது. பிஸ்கட்டைச் சாப்பிட்டோம், அது வேறு விஷயம்.

ஓய்வு வாத்தியார்:

அம்மையார் சொன்ன சப்பாத்தை நான் மறக்க மாட்டேன். 2000ஆம் ஆண்டு மெலனி கிரீன், திமோதி பிராக் என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். கதைக்குள் முழுதாக ஆழ்ந்துவிட்டவர்கள், கதையில் பொய்யாகப் படும் இடங்களைக் குறிக்கச் சொன்னால் குறைவாகவே குறித்தார்கள். அவர்கள் எண்ணமும் கதையின் பக்கம் சாய்ந்தது. படித்தபோது தலையாட்டினேன். இப்போது ஒரு சந்தேகம். அவர்கள் ஆட்களைத் தனியாக உட்கார வைத்துப் படிக்கக் கொடுத்திருப்பார்கள். நம் ஒட்டுக்கடையில் எவன் தனியாகக் கதை கேட்கிறான்? நடுவில் ஒரு லோரி டிரைவர் இருப்பாரே!

அடுக்குமாடிக்காரி:

நான் எதிர்ப்பக்கம். அதாவது, ஓட்டுக் கேட்டுப் போனவள். ஒரு கட்சிக்காக வீடு வீடாக ஏறியிருக்கிறேன். போவதற்கு முன் ஒரு பயிற்சி நடத்தினார்கள். "புள்ளிவிவரம் சொல்லாதீர்கள், கதை சொல்லுங்கள்" என்றார் வந்தவர். ஏழைத் தாய் ஒருத்தி, படிக்க முடியாமல் போன மகள், கடைசியில் நம் கட்சியால் அவளுக்கு விடிவு என்று ஒரு கதையும் கொடுத்தார். எங்கள் அடுக்குமாடியில் அந்தக் கதையைச் சொன்னால், "எந்த புளோக்? எத்தனாம் மாடி? யார் மகள்?" என்று கேட்பார்கள். இரண்டாவது வீட்டிலேயே கேட்டும் விட்டார்கள். அதோடு அந்தக் கதையைக் கைவிட்டேன்.

நாலாவது மாடியில் ஒரு பாட்டி. லிப்ட் வேலை செய்யவில்லை, மூச்சு வாங்க நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேத்து கரண்ட் இல்லடா. அந்த மருமகளை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றார். டிவி நாடகத்தைக் கேட்கிறார். நல்லவேளை, நான் அந்த நாடகம் பார்க்கிறவள். துரத்தவில்லை, மாமனார் உயிலைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஆரம்பித்தேன். பாட்டி உள்ளே போய் மகளைக் கூட்டி வந்தார். மகள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டி வந்தார். உயில் செல்லுமா செல்லாதா, மருமகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்று பேச்சு போய், இந்த அடுக்குமாடி வீடே இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில்தான் இருக்கிறது என்று பாட்டி சொன்னார். பெயர் மாற்ற எங்கே போவதென்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. அதற்கு நில அலுவலகத்தில் மனுப் போடலாம், நான் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேர்தல் முடிந்து கூடப் போகவும் செய்தேன்.

கீழே இறங்கியதும் எங்கள் பொறுப்பாளர் வாட்சைக் காட்டினார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரமா என்று அவருக்குக் கோபம். வாக்காளர் பட்டியலை நீட்டி, என்ன குறி போடுவது என்று கேட்டார். நமக்கென்று உறுதியானால் பூத்தே, எதிரிக்கென்றால் ஹீத்தாம், தெரியாவிட்டால் கெலாபு.

பாட்டிக்கு கெலாபு போட்டேன். மகளுக்கும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரி கோப்பி குடித்துக்கொண்டே எங்கள் வேட்பாளரின் மீசையைக் கிண்டல் பண்ணினாள், அவளுக்கு மட்டும் ஹீத்தாம்.